பிளாக் போட்ட பிறகு: மூச்சையும் இரத்த ஓட்டத்தையும் அல்ட்ராசவுண்டில் பார்ப்பது ஏன் அவசியம்?

அம்பத்தூர் தொழிற்பேட்டை 1964இல் உருவானது. அதைச் சுற்றியுள்ள மேனாம்பேடு, கருக்கு, பட்டரவாக்கம் பகுதிகளில் எந்தத் தெருவில் விசாரித்தாலும் பிரஸ்ஸிலோ லேத்திலோ வேலை பார்ப்பவர் ஒருவர் இருப்பார். மெஷினில் விரலைக் கொடுத்தவர் ஒருவரைப் பற்றியும் கேள்விப்படலாம். வட சென்னையிலும் மேற்குச் சென்னையிலும் இப்படிக் கை அடிபட்டவர்கள் ஏராளம். ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் டாக்டர் ஆர். வேங்கடசாமி கட்டி எழுப்பிய கை அறுவைச் சிகிச்சைப் பிரிவு நாடறிந்த மையமாக வளர்ந்ததற்கு இந்தத் தேவையும் ஒரு காரணம்.

கை நசுங்கி வருகிறவருக்கு முழு மயக்கம் கொடுத்தே ஆக வேண்டும் என்பதில்லை. கழுத்துப் பக்கத்திலோ, காறை எலும்புக்கு மேலோ கீழோ, அக்குளிலோ ஓர் ஊசி போட்டு, கைக்குப் போகும் நரம்புக் கூட்டத்தை மட்டும் மரக்க வைக்கலாம். மருத்துவமனைகளில் இதை ‘பிளாக்’ என்பார்கள். நோயாளி விழித்திருப்பார், தொண்டையில் குழாய் செருக வேண்டாம், அறுவைக்குப் பிறகும் பல மணி நேரம் வலி இருக்காது. வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு ஷிஃப்டுக்குப் போய் அடிபட்டவருக்கு, முழு மயக்கத்தில் வாந்தி நுரையீரலுக்குள் போகும் ஆபத்தும் இதில் தவிர்கிறது.

இன்று இந்த ஊசியைப் பெரும்பாலும் அல்ட்ராசவுண்ட் பார்த்தே போடுகிறார்கள். நரம்பு எங்கே, தமனி எங்கே, ஊசி முனை எங்கே என்று திரையில் தெரிகிறது. மருந்து நரம்பைச் சூழ்ந்ததும் கருவியை ஓரமாகத் தள்ளிவிடுகிறார்கள். ஆனால் உள்ளே போன மருந்து கையோடு நின்றுவிடுவதில்லை. அது மூச்சைத் தொடுகிறது, இரத்தக் குழாய்களைத் தொடுகிறது. எந்த அளவுக்கு என்பதை அளப்பதற்கும் அதே கருவி போதும். கடந்த முப்பதாண்டு ஆய்வுகள் இதைத் தெளிவாகக் காட்டியிருக்கின்றன. அவற்றின் பயன் நம் சிறிய மருத்துவமனைகளின் அறுவை அரங்குகளுக்கு முழுமையாக வந்து சேர வேண்டும் என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்.

நரம்புகளின் அண்டை வீடு

நாம் இழுக்கும் மூச்சின் பெரும்பங்கு உதரவிதானத்தின் வேலை. மார்புக்கும் வயிற்றுக்கும் நடுவே குடை போல விரிந்திருக்கும் இந்தத் தசை சுருங்கிக் கீழே இறங்கும்போது நுரையீரலுக்குள் காற்று நுழைகிறது. அதை இயக்கும் ஃபிரெனிக் நரம்பு வயிற்றருகே தோன்றுவதில்லை. கழுத்துத் தண்டுவடத்தின் 3, 4, 5ஆம் நரம்பு வேர்களிலிருந்து கிளம்பி, கழுத்துத் தசை ஒன்றின் முன்பக்கமாக இறங்கி, மார்பைக் கடந்து கீழே போகிறது.

தோளுக்கும் கைக்கும் போகும் நரம்புகள் 5ஆம் வேரிலிருந்து தொடங்குகின்றன. குரல்வளைக் குருத்தெலும்பின் மட்டத்தில் இந்த வேருக்கும் ஃபிரெனிக் நரம்புக்கும் இடைவெளி ஏறத்தாழ 2 மில்லிமீட்டர்தான். அங்கிருந்து கீழே இறங்க இறங்க, ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் 3 மில்லிமீட்டர் அளவில் இரண்டும் விலகிப் போகின்றன. இந்த இடைவெளியை அளந்து சொன்னதும் அல்ட்ராசவுண்ட் ஆய்வுதான். தோள் அறுவைக்காகக் கழுத்தில் போடும் ‘இன்டர்ஸ்கேலீன்’ பிளாக்கை 1970இல் அமெரிக்க மருத்துவர் அலோன் வின்னி விவரித்தார். வலியைப் போக்குவதில் அதற்கு நிகரில்லை. ஆனால் அங்கே 20, 30 மில்லி மருந்தைச் செலுத்தினால், 2 மில்லிமீட்டர் தள்ளியிருக்கும் நரம்பை அது விட்டுவைக்க வழியே இல்லை.

திரையில் தெரியும் மூச்சு

உதரவிதானத்தைப் பார்க்கும் முறை எளிது. நோயாளி மல்லாந்து படுத்திருக்க, வலது விலா எலும்புகளின் விளிம்புக்குக் கீழே, காறை எலும்பின் நடுவிலிருந்து கோடு இழுத்தால் வந்து சேரும் இடத்தில், வளைந்த முகமுள்ள புரோபை வைத்து மேல்நோக்கிச் சாய்க்க வேண்டும். கல்லீரல் சாம்பல் நிறப் பரப்பாகத் தெரியும். அதற்கு அப்பால் பளிச்சென்று வெள்ளையாக வளைந்திருக்கும் கோடுதான் உதரவிதானம். மூச்சை இழுக்கும்போது அந்தக் கோடு புரோபை நோக்கி வரும், விடும்போது விலகும். ‘எம்-மோட்’ பொத்தானை அழுத்தினால் அந்த அசைவு அலை அலையாகப் பதிவாகும். அலையின் உயரத்தைச் சென்டிமீட்டரில் அளந்துவிடலாம்.

ஆரோக்கியமான 210 பேரை அளந்து 2009இல் பிரான்ஸிலிருந்து வெளியான ஆய்வு, இன்றும் ஒப்பிட்டுப் பார்க்கப் பயன்படுகிறது. சாதாரண மூச்சில் வலப்பக்க உதரவிதானம் ஆண்களில் சராசரியாக 1.8 சென்டிமீட்டரும் பெண்களில் 1.6 சென்டிமீட்டரும் இறங்குகிறது. ஆழ்ந்து இழுத்தால் ஆண்களில் 7, பெண்களில் 5.7 சென்டிமீட்டர். மூக்கைச் சட்டென்று உறிஞ்சச் சொன்னால் 3 சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. நரம்பு செயலிழந்திருந்தால், உறிஞ்சும்போது அலை தட்டையாக இருக்கும். சில நேரம் எதிர்த்திசையில் எழும்பும். மறுபக்கம் இறங்கி மார்புக்குள் உறிஞ்சு அழுத்தம் உண்டாகும்போது, செயலிழந்த பக்கம் மேலே இழுக்கப்படுவதால் இப்படி ஆகிறது. முன்பு இதை எக்ஸ்ரே திரையில்தான் பார்க்க முடிந்தது. கதிர்வீச்சு, வேறு அறைக்கு நோயாளியைத் தள்ளிக்கொண்டு போவது ஆகிய சிரமங்களால் பிளாக் போட்ட மருத்துவர்கள் வழக்கமாக அங்கே போய்ப் பார்த்ததில்லை.

இன்னொரு வழி, தசையின் தடிப்பை அளப்பது. பக்கவாட்டில் விலா எலும்புகளுக்கு இடையே நேர்முகப் புரோபை வைத்தால், இரண்டு வெள்ளைக் கோடுகளுக்கு நடுவே கருமையான பட்டையாகத் தசை தெரியும். மூச்சிழுக்கும்போது அது தடிக்க வேண்டும். தடிப்பு 20 விழுக்காடுகூடக் கூடவில்லை என்றால் தசை செயலிழந்திருக்கலாம். இடப்பக்கத்தில் இந்த முறை மிகவும் கைகொடுக்கும். அங்கே கல்லீரல் இல்லை. இரைப்பையின் காற்று படத்தை மறைத்துவிடும்.

நூற்றுக்கு நூறிலிருந்து நூற்றுக்கு ஐந்து வரை

1991இல் நியூயார்க்கில் வில்லியம் உர்மியும் அவருடைய குழுவினரும் இன்டர்ஸ்கேலீன் பிளாக் போட்ட 13 பேரின் உதரவிதானத்தை அல்ட்ராசவுண்டில் பார்த்தார்கள். பதின்மூன்று பேருக்கும் ஒரு பக்கம் செயலிழந்திருந்தது. அதுவும் ஐந்தே நிமிடங்களுக்குள். எப்போதோ ஒருவருக்கு நேரும் சிக்கல் என்று எண்ணியிருந்தது, எல்லோருக்கும் நேரும் விளைவு என்று தெரிந்தது. அடுத்த ஆண்டு வந்த அளவீட்டில், முழு மூச்சை வெளியே ஊதும் திறன் கால் பங்குக்கு மேல், ஏறத்தாழ 27 விழுக்காடு குறைந்தது தெரியவந்தது.

உர்மியின் ஆய்வு வந்தபோது, ஊசியை அல்ட்ராசவுண்ட் வழிநடத்தும் காலம் இன்னும் பிறக்கவில்லை. 1978இலேயே டாப்ளர் ஒலியால் தமனியைக் கண்டுபிடித்து அதன் அருகே ஊசி போட்டுப் பார்த்திருக்கிறார்கள். ஆனால் நரம்பையும் மருந்து பரவுவதையும் படமாகப் பார்த்துக்கொண்டே பிளாக் போடலாம் என்று காட்டியது, 1994இல் வியன்னாவிலிருந்து வந்த கப்ரால் குழுவின் வேலை. ஆக, பிளாக்கின் விளைவைப் பார்க்கத்தான் கருவி முதலில் பயன்பட்டது. வழிகாட்டியாக மாறியது பிறகுதான். இரண்டும் சேர்ந்தபோது மூன்று வகையான தீர்வுகள் கிடைத்தன.

முதலாவது, மருந்தைக் குறைப்பது. 2008இல் டொராண்டோவில், 20 மில்லி மருந்து பெற்ற எல்லோருக்கும் உதரவிதானம் பாதிக்கப்பட்டது. 5 மில்லி பெற்றவர்களில் 45 விழுக்காட்டினருக்குத்தான் பாதிக்கப்பட்டது. வலி நிவாரணம் இரு குழுவிலும் ஏறத்தாழ ஒன்றே. ஊசி முனையைக் கண்ணால் பார்க்க முடிந்ததால்தான் நான்கில் ஒரு பங்கு மருந்து போதுமானதாயிற்று.

இரண்டாவது, கழுத்தில் சற்றுக் கீழிறங்குவது. 5, 6ஆம் வேர்கள் ஒன்றுசேரும் மேல் தண்டை மட்டும் தேடி மரக்க வைத்தால், தோளுக்கு வேண்டிய நிவாரணம் கிடைக்கிறது. முழுமையான செயலிழப்போ பத்தில் ஏழு பேர் என்ற நிலையிலிருந்து இருபதில் ஒருவர் என்ற அளவுக்கு இறங்குகிறது. 2019இல் அமெரிக்காவிலும் கொரியாவிலும் தனித்தனியே நடந்த ஆய்வுகள் ஒத்துச் சொன்ன முடிவு இது.

மூன்றாவது, கழுத்தை விட்டே வெளியேறுவது. கை அறுவைக்கு இதுதான் முக்கியம், நமக்கு அருகில் நடந்த வேலையும் இதுதான். காறை எலும்புக்கும் முதல் விலாவுக்கும் இடையே, கை நரம்பின் மூன்று கட்டுகளும் நெருக்கமாக ஓடும் இடம் ஒன்று உண்டு. அங்கே அல்ட்ராசவுண்ட் பார்த்துப் போடும் ‘காஸ்டோகிளாவிகுலர்’ பிளாக்கை ஹாங்காங் சீனப் பல்கலைக்கழகத்தின் மனோஜ் கர்மாக்கரும் உடன் உழைத்தவர்களும் 2015இல் விவரித்தார்கள். புதுச்சேரி மகாத்மா காந்தி மருத்துவக் கல்லூரியின் டி. சிவசண்முகமும் குழுவினரும், கர்மாக்கரோடு சேர்ந்து, இதைக் காறை எலும்புக்கு மேலே போடும் வழக்கமான பிளாக்கோடு ஒப்பிட்டார்கள். நோயாளிகள் 40 பேர். இரு குழுவுக்கும் மருந்து 20 மில்லிதான். மேலே போட்டவர்களில் 20க்கு 9 பேருக்கு உதரவிதானம் பாதிக்கப்பட்டது, கீழே போட்டவர்களில் 20க்கு ஒருவருக்கு மட்டும். 2019இல் ஐரோப்பிய மயக்கவியல் இதழில் வெளியான இந்த முடிவு, சென்னையிலிருந்து மூன்று, நான்கு மணி நேரத் தொலைவில் கிடைத்தது. அம்பத்தூரில் கை நசுங்கி வருகிறவருக்கு எந்த இடத்தில் ஊசி போடலாம் என்று யோசிக்கும் மயக்கவியல் மருத்துவருக்கு இதைவிட நேரடியான சான்று வேண்டியதில்லை.

யாருக்கு இது உயிர்ப் பிரச்சினை?

இளம் தொழிலாளி ஒருவருக்கு ஒரு பக்க உதரவிதானம் சில மணி நேரம் ஓய்ந்தால் பெரும்பாலும் எதுவும் தெரியாது. மறுபக்கமும் விலாத் தசைகளும் ஈடுகட்டிவிடும். இதனால்தான் இத்தனை காலம் இந்த விளைவு கண்ணில் படாமல் போனது.

ஆனால் வருகிற எல்லோரும் இளைஞர்கள் அல்ல. 2016 கணக்கின்படி இந்தியாவில் நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் உள்ளவர்கள் ஐந்தரைக் கோடி. பல்லாண்டு பீடி புகைத்தவர், விறகடுப்பில் ஊதிச் சமைத்த அம்மா, வெல்டிங் புகையிலும் தூசியிலும் வேலை பார்த்தவர் ஆகியோருக்கு ஏற்கெனவே மூச்சில் சேமிப்பு குறைவு. உடல் பருமன் உள்ளவர்களுக்கும் படுத்தாலே மூச்சு குறையும். இவர்களிடமிருந்து கால் பங்கை எடுத்துக்கொண்டால் மிச்சம் போதாமல் போகலாம். ஏற்கெனவே ஒரு பக்கம் செயலிழந்திருப்பவருக்கு, தெரியாமல் மறுபக்கம் பிளாக் போட்டால் நிலைமை விபரீதம். போடும் முன் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டால் அது நேராது.

இங்கே ஓர் எச்சரிக்கை. அறுவை அரங்கில் எல்லோரும் நம்பிப் பார்ப்பது விரலில் மாட்டிய பல்ஸ் ஆக்ஸிமீட்டரை. முகமூடி வழியாக ஆக்ஸிஜன் ஓடிக்கொண்டிருக்கும்போது, மூச்சின் அளவு குறைந்தாலும் அந்த எண் நெடுநேரம் 98, 99 என்றே நிற்கும். கரியமில வாயு சேர்வதை அது காட்டாது. உதரவிதானத்தின் அலையோ ஐந்தாவது நிமிடத்திலேயே உண்மையைச் சொல்லிவிடும்.

பிளாக்குக்குப் பிறகு “மூச்சு வாங்குது டாக்டர்” என்று நோயாளி சொன்னால் இரண்டு காரணங்கள் உடனே மனதில் எழும்: உதரவிதானம் ஓய்ந்திருக்கலாம், அல்லது ஊசி நுரையீரல் உறையைக் குத்திக் காற்று கசிந்திருக்கலாம். முதலாவதற்குப் பொறுத்திருந்து கவனிக்க வேண்டும். இரண்டாவதற்கு மார்பில் குழாய் போட வேண்டியிருக்கும். மார்பின் முன்பக்கம் புரோபை வைத்தால், நுரையீரல் உறை மூச்சோடு முன்னும் பின்னும் வழுக்குவது தெரியும். காற்று கசிந்திருந்தால் அந்த வழுக்கல் நின்றுவிடும். ஓய்ந்த உதரவிதானமும் வழுக்கலைக் குறைக்கும் என்பதால் இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். எக்ஸ்ரேக்கு அனுப்பிக் காத்திருக்கும் நேரத்தில், படுக்கையருகிலேயே பதில் கிடைக்கிறது.

எல்லாப் பிளாக்கும் மூச்சைக் குறைப்பதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். விலா எலும்பு முறிந்தவர் வலிக்குப் பயந்து மேலோட்டமாக மூச்சு விடுவார், இரும மாட்டார், சளி தேங்கி நிமோனியா வரும். மார்புச் சுவரில் அல்லது முதுகுத் தசைக்கு அடியில் போடும் பிளாக் அந்த வலியை அடக்கும்போது, அவர் ஆழ்ந்து மூச்சிழுக்கிறார். உதரவிதானத்தின் அசைவு கூடுகிறதா என்று பார்ப்பதே சிகிச்சை பலித்ததற்குச் சோதனை.

கையில் ஓடும் இரத்தம்

கைக்குப் போகும் நரம்புக் கட்டில் வலியைச் சுமக்கும் இழைகளோடு இரத்தக் குழாய்களை இறுக்கிப் பிடிக்கும் இழைகளும் உள்ளன. பிளாக் போட்டதும் அந்தப் பிடி தளர்கிறது. கை கதகதப்பாகும், புறங்கைச் சிரைகள் புடைக்கும்.

டாப்ளரில் இது துல்லியமாகத் தெரியும். ஓய்வில் இருக்கும் கையின் தமனியில் ஒவ்வொரு துடிப்புக்கும் அலை செங்குத்தாக ஏறி, இறங்கும்போது கோட்டுக்குக் கீழே ஒரு முறை அமிழ்ந்து, பின் லேசாக எழும். விரல்களின் சிறு குழாய்கள் இறுகியிருப்பதால் இரத்தம் கணநேரம் பின்னோக்கித் தள்ளப்படுவதே அந்த அமிழ்வு. பிளாக் வேலை செய்யத் தொடங்கியதும் அது மறைகிறது. இரண்டு துடிப்புகளுக்கு நடுவிலும் இரத்தம் முன்னோக்கியே ஓடுகிறது, மொத்த ஓட்டமும் கூடுகிறது. பிளாக் பலித்ததா என்று நோயாளியைக் கேட்டறிய முடியாத குழந்தைகளிடமும் நினைவிழந்தவர்களிடமும் இந்த மாற்றம் நல்ல அடையாளம்.

இதற்குப் பெரிய நடைமுறைப் பயன் உண்டு. சிறுநீரகம் செயலிழந்தவர்களுக்கு டயாலிசிஸ் செய்ய, கையில் தமனியையும் சிரையையும் இணைத்து ‘பிஸ்டுலா’ அமைக்கிறார்கள். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் போன்ற உதவிகளால் தமிழ்நாட்டில் எளிய குடும்பங்களும் டயாலிசிஸ் பெறுகின்றன. ஆனால் பிஸ்டுலா அடைத்துக்கொண்டால் மறுபடியும் கழுத்தில் குழாய், தொற்று, இன்னொரு அறுவை, இன்னொரு வாரச் சம்பள இழப்பு. 2016இல் ‘லான்செட்’ இதழில் வந்த கிளாஸ்கோ ஆய்வு, 126 நோயாளிகளில் பாதிப் பேருக்கு வெட்டும் இடத்தில் மட்டும் மரப்பு ஊசியும், பாதிப் பேருக்குக் கை முழுவதற்குமான பிளாக்கும் கொடுத்தது. மூன்று மாதம் கழித்து, முதல் குழுவில் 62 விழுக்காடு பிஸ்டுலாக்கள் திறந்திருந்தன. பிளாக் போட்டவர்களில் 84 விழுக்காடு. மயக்க முறையை மாற்றியதாலேயே அறுவையின் பலன் மாறியது. குழாய்கள் விரிந்து ஓட்டம் கூடியதே அதற்கான விளக்கம்.

முதுகில் ஊசி, சரியும் இரத்த அழுத்தம்

பிளாக்குகளிலேயே நம் மக்கள் நன்கறிந்தது முதுகில் போடும் ஊசிதான். சிசேரியன், குடலிறக்கம், கால் முறிவு என்று அன்றாடம் நடப்பது. இடுப்புக்குக் கீழே குழாய்கள் எல்லாம் ஒரே நேரத்தில் தளர்வதால் இரத்தம் கால்களிலும் வயிற்றிலும் தேங்கி, இதயத்துக்குத் திரும்புவது குறைந்து, அழுத்தம் சரியும். தாய்க்குக் குமட்டல், தலைசுற்றல். கருவுக்கு இரத்த வரத்துக் குறைவு.

யாருக்குச் சரியும் என்று முன்பே சொல்ல முடியுமா? கீழ்ப் பெருஞ்சிரையைப் பார்த்துச் சொல்லலாம் என்று பலர் முயன்றிருக்கிறார்கள். உடலில் திரவம் குறைந்திருந்தால், மூச்சிழுக்கும்போது அந்தச் சிரை பாதிக்கு மேல் சுருங்கும். ஸ்விட்சர்லாந்தில் 160 பேரிடம் நடந்த ஆய்வில், சிரையை அளந்து தேவையான திரவம் கொடுத்த பிறகு ஊசி போட்ட குழுவில் அழுத்தம் சரிந்தவர்கள் குறைவு. கர்ப்பிணிகளிடம் முடிவுகள் ஒன்றுக்கொன்று முரணாக வருகின்றன, ஏனெனில் நிறைமாதக் கருப்பையே அந்தச் சிரையை அழுத்துகிறது. அவர்களிடம் காலைத் தூக்கிப் பிடித்து, இதயத்திலிருந்து ஒவ்வொரு துடிப்பிலும் வெளியேறும் இரத்தத்தை டாப்ளரில் அளப்பது சற்று நம்பகமானதாகத் தெரிகிறது.

மூச்சும் ஓட்டமும் பிரிக்க முடியாதவை என்பது இங்கே புலப்படுகிறது. பெருஞ்சிரை சுருங்குவதே உதரவிதானம் இறங்கி மார்புக்குள் உறிஞ்சு அழுத்தம் உண்டாக்குவதால்தான். உதரவிதானம் ஓய்ந்தவரிடம் சிரை சுருங்காததைப் பார்த்து “திரவம் போதும்” என்று முடிவெடுத்தால் தவறிவிடும். ஒன்றை அளப்பவர் மற்றதையும் பார்த்தே ஆக வேண்டும்.

எல்லைகளும் தடைகளும்

இந்த ஆய்வுகளின் குறைகளையும் மறைக்கக் கூடாது. பெரும்பாலானவை 40, 60 பேரிடம் நடந்தவை. நுரையீரல் நோயுள்ளவர்களைப் பாதுகாப்புக் கருதி விலக்கிவிட்டே நடந்தவை. யாருக்கு இந்த அறிவு மிகவும் தேவையோ, அவர்களைப் பற்றிய தரவுதான் மிகக் குறைவு. பார்ப்பவரின் கைப்பழக்கமும் முடிவை மாற்றும்: புரோபின் சாய்வு மாறினால் அலையின் உயரம் மாறும், 2 மில்லிமீட்டர் தசையை அளப்பதில் அரை மில்லிமீட்டர் பிசகும் பெரிய பிழை. அதனால்தான் ஒருவரின் அளவைப் பொதுச் சராசரியோடு ஒப்பிடுவதைவிட, ஊசிக்கு முன் அவரிடமே எடுத்த அளவோடு ஒப்பிடுவது நம்பகமானது. அசைவு முக்கால் பங்குக்கு மேல் குறைந்தால் முழுச் செயலிழப்பு, கால் பங்கிலிருந்து முக்கால் வரை என்றால் பகுதிச் செயலிழப்பு என்று ஆய்வாளர்கள் வகுத்திருப்பதும் இந்த ஒப்பீட்டின் மேல்தான்.

இந்தியாவுக்கே உரிய தடை ஒன்றும் உண்டு. பெண் சிசுக்களைக் கருவிலேயே அழிப்பதைத் தடுக்க 1994இல் வந்து, 2003இல் கடுமையாக்கப்பட்ட சட்டத்தின்படி, ஒவ்வோர் அல்ட்ராசவுண்ட் கருவியும் பதிவு செய்யப்பட்டிருக்க வேண்டும். இடம் விட்டு இடம் கொண்டுபோகும் கருவிகளுக்குக் கட்டுப்பாடு இன்னும் அதிகம். அந்தச் சட்டத்தின் தேவையை மறுப்பதற்கில்லை. ஆனால் பல மருத்துவமனைகளுக்குச் சென்று மயக்கம் கொடுக்கும் மருத்துவர், தன் கருவியைத் தானே எடுத்துச் செல்ல முடியாது. மருத்துவமனையே கருவியை வாங்கிப் பதிந்து வைத்திருந்தால்தான் உண்டு. சட்டத்தின் காவலைத் தளர்த்தாமலே, சிறு மருத்துவமனைகளின் அறுவை அரங்குக்கெனக் கருவியைப் பதியும் வேலையை மாவட்ட அலுவலகங்கள் விரைவாக்கலாம்.

கருவி இருக்கும் இடத்தில் செலவு ஏதுமில்லை. கழுத்துக்கு அருகே பிளாக் போடும் எவருக்கும் மூன்று செயல்கள் வழக்கமாக வேண்டும். ஊசிக்கு முன் இருபக்க உதரவிதானத்தையும் பார்த்து அளவைக் குறித்துக்கொள்வது. மூச்சில் சேமிப்பு குறைந்தவர் என்றால் கழுத்தை விட்டுக் காறை எலும்புக்குக் கீழேயோ அக்குளிலோ ஊசி போடுவது. முடித்த பத்தாவது, பதினைந்தாவது நிமிடத்தில் மறுபடி பார்த்து, மயக்கக் குறிப்பேட்டில் இரத்த அழுத்தத்துக்கும் ஆக்ஸிஜனுக்கும் பக்கத்தில் அதையும் எழுதுவது. மூன்றுக்கும் சேர்த்துச் சில நிமிடங்களே ஆகும். முதுநிலை மயக்கவியல் படிப்பில் ஊசியை நரம்புக்குக் கொண்டுபோகக் கற்றுக்கொடுக்கும் அதே வாரத்தில் இதையும் கற்றுக்கொடுக்கலாம். தமிழ்நாட்டின் அரசு மருத்துவக் கல்லூரிகள் இந்தக் குறிப்புகளைத் தொடர்ந்து பதிந்து ஒன்றுசேர்த்தால், பீடி புகைத்தவரும் விறகடுப்பில் சமைத்தவரும் பருமனானவரும் அடங்கிய பெருந்தரவு சில ஆண்டுகளில் நம் கையில் இருக்கும். உலக இலக்கியத்தில் இன்றும் விடுபட்டிருப்பது அவர்களைப் பற்றிய விடைதான். அதைத் தருவதற்கு நம் மருத்துவமனைகளைவிடப் பொருத்தமான இடம் வேறில்லை.